கண்ணப்பர் சுட்ட பன்றி இறைச்சியைச் சுவரோவியத்தில் வரையலாமா? (விவாத இழை)

கனகராயன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்துச் சிவன் கோயில் ஒன்றின் மண்டபச் சுவரில் நாயன்மார் வரலாற்றைத் தொடர் ஓவியமாக வரையும் பணியை ஏற்றிருக்கிறேன். கண்ணப்ப நாயனாருக்கென ஆறடி நீளமும் நாலடி உயரமும் கொண்ட இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாட்காட்டிப் படங்களில் காண்பதைப் போல, ஒரு காலை இலிங்கத்தின்மேல் ஊன்றிக்கொண்டு அம்பினால் கண்ணை அகழும் காட்சியை வரைந்தால் எவரும் மறுப்புச் சொல்லப் போவதில்லை. நான் வரைய விரும்புவதோ அதற்கு ஐந்தாறு நாட்களுக்கு முந்திய காட்சியை. பொன்முகலி ஆற்றங்கரையில் வேட்டைத் துணைவன் காடன் தீக்கடைகோலால் மூட்டிய நெருப்பில், திண்ணனார் (கண்ணப்பரின் முன்னைய பெயர்) தாம் கொன்ற காட்டுப்பன்றியின் கொழுந்தசையைக் கோலிற் கோத்துக் காய்ச்சி, பதம் பார்த்து, இனியவற்றை மட்டும் சருகிலையால் தைத்த கல்லை என்னும் தொன்னையில் இடுகின்ற காட்சி அது. பெரிய புராணத்திற் சேக்கிழார் இதனை ஒரு சமையற்காரரின் கவனத்தோடு பாடியிருக்கிறார்.

பரிபாலன சபையினர் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றனர். புராணத்தில் உள்ளதை வரைவதற்கு அஞ்சத் தேவையில்லை என்று ஒரு பகுதியினரும், மச்சம் மாமிசம் புழங்காத இடத்தில் சுட்ட பன்றியைச் சுவரில் ஏற்றுவது முறையாகாது என்று மற்றப் பகுதியினரும் சொல்கின்றனர். முடிவைச் சபை எடுக்கட்டும். என்னுடைய கேள்வி வேறு. சமைத்த பன்றியை, குறிப்பாக நெருப்பிற் சுட்ட பன்றியை, உலகத்து ஓவியர்களும் சிற்பிகளும் எப்படிக் காட்டியிருக்கிறார்கள்? நமது மரபில் அதற்கு முன்மாதிரி உண்டா? அறிந்தவர்கள் எழுதினால் எனது வரைவுக்கு உதவியாக இருக்கும்.

முத்தையன்கட்டார்

தம்பி, நல்ல கேள்வி. முதலில் நமது பக்கத்தைப் பார்ப்போம்.

நமது சிற்பிகளுக்குப் பன்றி அந்நியமான விலங்கன்று. மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் திருமால் பன்றி முகத்தோடு பூமிதேவியைத் தூக்கி நிற்கிறார். அருச்சுனனும் வேடனாக வந்த சிவனும் ஒரே பன்றியின்மேல் அம்பெய்து சண்டையிட்ட கதை, பட்டடக்கல் தொடங்கி இலேபாட்சி வரையில் கல்லிலும் வண்ணத்திலும் காணப்படுகிறது. மதுரைப் புதுமண்டபத்தில் இன்னும் ஒருபடி மேலே போய், தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவபெருமானே தாய்ப்பன்றியாகிப் பால் கொடுக்கும் திருவிளையாடலைத் தூணிற் செதுக்கியிருக்கின்றனர். தமிழ்நாட்டு ஊர்களில் பன்றி குத்திப்பட்டான் கல் என்றொரு வகை நடுகல் உண்டு. பயிரை அழித்த பன்றியோடு மோதி இறந்த வீரன், ஈட்டியையோ கத்தியையோ அதன் உடலிற் பாய்ச்சியபடி நிற்பான்.

இவ்வளவு இருந்தும் சமைத்த பன்றி கல்லில் ஏறவில்லை. இலக்கியத்திலோ அதற்குத் தட்டுப்பாடு இல்லை. பெரும்பாணாற்றுப்படையிலே நீர்ப்பெயற்று என்னும் துறைமுகப் பட்டினத்தில் கள் அடுபவர்களின் வீட்டைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. குட்டைக் கால்களையுடைய ஆண் பன்றியைப் பெண் பன்றிகளோடு சேரவிடாமல், குழியில் நிறுத்தி, பல நாள் நெல்மாவைத் தீற்றிக் கொழுக்கவைத்து, அந்தக் கொழுப்பு நிறைந்த தசையைக் கள்ளோடு பாணர்களுக்குக் கொடுப்பார்களாம். இறைச்சியின் சுவையை எண்ணி விலங்கை வளர்த்த முறையை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன ஒரு சமூகம், அதே உணவைப் படமாக்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கத்தான் வேண்டும். கல்லும் செம்பும் பெரும்பாலும் கோயிலுக்கும் அரசனுக்குமே உழைத்தன. பாணனுக்குப் பாட்டுத்தான் இருந்தது. கள் விற்ற வீட்டின் சுவரில் எவராவது கரியினால் எதையேனும் கிறுக்கியிருந்தாலும் அது நமக்கு எஞ்சியிருக்க வழியில்லை.

கண்ணப்பரைப் பொறுத்தவரையில், இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிற்றளவுச் சிற்பங்களாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றிலே கண்ணப்பரும் இருக்கிறார். ஆயினும் பொதுவாகச் சிற்பிகளுக்கும் ஓவியர்களுக்கும் பிடித்துப்போனது கண்ணைத் தோண்டும் கணமே. ஒரே பார்வையில் கதை முழுவதும் விளங்கிவிடும் என்பதனால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

புழுதியாறு

சேர் எழுதியதன் தொடர்ச்சியாக, நான் நுண்கலை படித்த காலத்திற் சேர்த்துவைத்த குறிப்புகளிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனிதன் வரைந்த உருவங்களிலே நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையவற்றுள் பன்றி இருக்கிறது. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் லியாங் தெடொங்ஙே என்னும் குகையிற் செங்காவியால் வரையப்பட்ட காட்டுப்பன்றியின் வயது குறைந்தது 45,500 ஆண்டுகள் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. அதன் நீளம் 136 சென்றிமீற்றர். 2024இல் அதே தீவின் வேறொரு குகையிலே பன்றியொன்றும் மனித உருவங்கள் மூன்றும் சேர்ந்திருக்கும் ஓவியத்துக்கு 51,200 ஆண்டுகள் என்று கணித்தனர். அந்தக் குகைகளில் வாழ்ந்தவர்கள் பன்றியை உண்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் வரைந்தது உயிருள்ள பன்றியையே.

கிரேக்கத்துக்கு வந்தால் பன்றி பலிபீடத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் கி.மு. 510க்கும் 500க்கும் இடைப்பட்ட காலத்து மதுக்கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதன் உள்வட்டத்தில் இளம் பன்றியொன்றைப் பலியிடும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. குடிப்பவர் கிண்ணத்தைக் காலியாக்கினால்தான் அந்தப் படம் முழுவதும் தெரியும். விருந்தில் இறைச்சியை உண்டு மதுவைக் குடித்து முடித்தவருக்கு, அந்த இறைச்சி எங்கிருந்து வந்தது என்பதைக் கிண்ணத்தின் அடி காட்டிக்கொடுக்கிறது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

உரோமர் காலத்தில் சிசிலியின் பியாத்சா அர்மெரினாவில், நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த மாளிகையொன்றின் தரை முழுவதும் நிறக்கற்களாலான படங்கள் உள்ளன. சிறு வேட்டை என்று அழைக்கப்படும் அறையில், கொன்ற காட்டுப்பன்றியைத் தடியிற் கட்டி இருவர் தோளிற் சுமந்து வருகின்றனர். நடுவில் மர நிழலிலே துணிப் பந்தலின் கீழ் வேட்டைக்காரர் விருந்துண்கின்றனர். அவர்களுக்கு முன்னால் இருப்பதோ சுட்ட பறவை! பன்றி இங்கும் தட்டு வரையில் வரவில்லை.

சமையலறைக்குள் அது வெளிப்படையாக நுழைவதை இங்கிலாந்தின் லட்ரெல் சங்கீதப் புத்தகத்தில் (விவிலியத் திருப்பாடல்களின் கையெழுத்து ஏடு) காணலாம். ஏறத்தாழ 1325க்கும் 1340க்கும் இடையில் எழுதப்பட்ட அந்த வேதப் புத்தகத்தின் ஓரங்களில், திருப்பாடல்களுக்குக் கீழே, நிலவுடைமையாளர் வீட்டுச் சமையல் நடக்கிறது. இறைச்சி கோத்த நீண்ட கம்பியை நெருப்பின்மேல் ஆட்கள் சுழற்றுகின்றனர். வேறோர் ஏட்டில் சமையற்காரர் சிறு பன்றியையும் கோழிகளையும் பலகையில் வைத்து வெட்டுகிறார். அடுத்துப் பிரபு தமது குடும்பத்தோடு மேசையில் அமர்ந்திருக்கிறார். அண்ணை, உங்கள் சபையினருக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம். வேதப் புத்தகம் ஒன்றின் ஏட்டிலேயே பன்றி வெட்டும் சமையற்காரருக்கு இடம் கொடுத்திருக்கின்றனர்.

அக்காலத்துச் செபப் புத்தகங்களின் நாட்காட்டிப் பக்கங்களிலும் பன்றிக்கு நிலையான இடம் உண்டு. நவம்பரில் கருவாலிக் கொட்டைகளை உதிர்த்துப் பன்றிகளை மேய்ப்பதும், டிசம்பரில் அவற்றைக் கொல்வதும் வழக்கமான படங்கள். பிரான்சின் பெரி கோமகனுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் தொடங்கிய புகழ்பெற்ற ஏட்டில் டிசம்பருக்குரிய படம் காட்டுப்பன்றி வேட்டை. வேன்சேன் கோட்டையின் கோபுரங்கள் பின்னணியில் நிற்க, நாய்கள் பன்றியைக் குதறுகின்றன. நாம் திருவெம்பாவை பாடி மரக்கறி மட்டும் உண்ணும் மார்கழியிலே அவர்களுக்குப் பன்றி இறைச்சி உப்பிடும் காலம்.

இனி பதினாறாம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியர் மூத்த பீற்றர் புரூகல். மியூனிக்கில் உள்ள அவரது 1567ஆம் ஆண்டு ஓவியம் சோம்பேறிகளின் நாட்டைக் காட்டுகிறது. எழுத்தறிந்தவன், உழவன், போர்வீரன் ஆகிய மூவர் மரத்தடியில் வயிறு புடைக்கக் கிடக்கின்றனர். வீட்டுக் கூரையில் பணியாரங்கள் வேயப்பட்டிருக்கின்றன. பின்னால் சுட்ட பன்றியொன்று, தன்னை அரிவதற்கான கத்தியைத் தன் விலாவிலேயே செருகிக்கொண்டு ஓடித்திரிகிறது. எனக்குத் தெரிந்தவரையில் ஐரோப்பிய ஓவியத்தில் சுட்ட பன்றியின் மிகப் பெயர்பெற்ற உருவம் இதுவே. அது உணவாகவும் இருக்கிறது, உயிரோடும் இருக்கிறது. உழைக்காமல் வாயைத் திறந்திருப்பவனிடம் தானே நடந்து வருகிறது. அதைப் பார்த்துச் சிரிக்கலாம், பசியெடுக்காது.

மடுவழி

புழுதியாறு தங்கச்சி குறிப்பிட்ட புரூகல், இதற்கு எட்டு ஆண்டுகள் முன்னதாக, 1559இல் இன்னோர் ஓவியம் தீட்டினார். அது வியன்னாவில் இருக்கிறது. தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய களியாட்டத்துக்கும் தவக்காலத்துக்கும் இடையிலான சண்டை அது. களியாட்டம் என்பவன் பருத்த மனிதன். பீப்பாயின்மேல் ஏறி அமர்ந்து, பன்றித் தலையும் கோழியும் கோத்த கம்பியை ஈட்டியாக நீட்டுகிறான். எதிரே வற்றிய உருவமாகிய தவக்காலம், இரண்டு மீன்களை வைத்த நீண்ட அகப்பையைப் பிடித்திருக்கிறது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளிலே இறைச்சியை விலக்கிவரும் எங்களைப் போன்ற குடும்பத்தவர்களுக்கு இந்த ஓவியத்தின் நகைச்சுவை விளக்கமில்லாமலே புரியும். புரூகல் எந்தப் பக்கமும் சாயவில்லை என்பதே எனது கணிப்பு. தின்பவனைப் போலவே நோன்பிருப்பவளையும் கேலிக்குரியவளாகத்தான் காட்டியிருக்கிறார்.

மற்றொரு செய்தி. நாங்கள் கொண்டாடும் பதுவை அந்தோனியார் வேறு, வனத்து அந்தோனியார் வேறு. வனத்து அந்தோனியாரின் காலடியில் மணி கட்டிய பன்றி நிற்பதைப் பழைய ஓவியங்களில் காணலாம். அவர் பெயரால் இயங்கிய துறவியர் நோயாளர்களைப் பராமரித்தனர். பூஞ்சணம் பிடித்த தானியத்தினால் வந்த எரிவு நோய்க்குப் பன்றிக் கொழுப்பைப் பூசினர். அவர்களுடைய பன்றிகள் கழுத்தில் மணியோடு தெருக்களில் திரிந்து மேய்வதற்கு உரிமை பெற்றிருந்தன. பின்னாளில் இறைச்சி விற்பவர்களும் அவரையே தங்கள் பாதுகாவலராகக் கொண்டனர். ஆகவே புனிதர் ஒருவரின் படத்திலே பன்றி இருப்பது உலகத்திற் புதுமையல்ல. உயிரோடு இருக்கிறதா, நெருப்பில் இருக்கிறதா என்பதே கேள்வி.

முள்ளியவளையான்

அனைவரும் மேலைநாட்டு ஓவியங்களை அடுக்கிக்கொண்டு போகிறீர்கள். அந்தப் படங்கள் அரண்மனையிலும் அருங்காட்சியகத்திலும் இருப்பவை. இங்கே பேசப்படுவது காலையிற் குளித்துத் திருநீறு பூசி வருகிறவர்கள் கும்பிடுகின்ற இடம்.

நான் பெரிய புராணத்தை மறுப்பவன் அல்லன். கண்ணப்பர் படைத்ததை இறைவன் ஏற்றார் என்பதும், அதைக் கண்டு அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியார் பதறினார் என்பதும் ஒரே புராணத்தில்தான் இருக்கின்றன. வெந்த இறைச்சியும் எலும்பும் சந்நிதியிலே கிடப்பதைக் கண்டு ஓடிப்போய், இடத்தைத் துப்புரவாக்கி, மீண்டும் குளித்துவந்து பூசை செய்தவரைச் சேக்கிழார் இழிவாகப் பேசவில்லை. அவருடைய அருவருப்பும் பக்தியே. அந்த அருவருப்பு இன்றைக்கும் பலரிடம் உண்டு. ஓவியர் தமது ஆசைக்காக அதனைப் புறந்தள்ளக்கூடாது. கண்ணைக் கொடுத்த காட்சியே போதும் என்று முன்னோர் கருதியிருந்தால், அதிலும் ஒரு நிதானம் இருந்திருக்கிறது.

நீராவி

எங்கள் வீட்டில் விலக்கப்பட்ட உணவைப் பற்றிய இழையில் நான் எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். படத்தைப் பார்ப்பதற்குத் தடையில்லை என்பதால் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போகிறேன்.

பாரசீக மன்னன் ஷா தஹ்மாஸ்புக்காக 1530ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதப்பட்ட ஷாநாமா என்னும் பாரசீகக் காவியத்தின் ஏடுகளில் ஒன்று, இப்போது நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இர்மான் நாட்டுக் காட்டுப்பன்றிகளை பீஜன் என்ற இளம் வீரன் கொல்வதை அது காட்டுகிறது. கதையைக் கேட்டால் வன்னியில் நடந்தது என்பீர்கள். பன்றிகள் கூட்டமாக வந்து தமது பயிரையும் மரங்களையும் அழிப்பதாக அந்த நாட்டு மக்கள் அரசனிடம் முறையிடுகிறார்கள். அரசன் சபையைப் பார்க்கிறான். பீஜன் ஒருவனே முன்வருகிறான். ஓவியத்திலே பன்றிகள் கொல்லப்படுகின்றன. சுடப்படுவதோ உண்ணப்படுவதோ இல்லை. உண்ணாதவர்களின் ஓவியத்தில் பன்றி பகையாக மட்டும் வருகிறது. உண்பவர்களின் ஓவியத்தில் கேலியாகவும் வருகிறது, திருவிழாவாகவும் வருகிறது. முத்தையன்கட்டு சேர் சொன்ன நடுகல் வீரன், பீஜனுக்கு அண்ணன் தம்பி முறையாக வேண்டும் போலிருக்கிறது.

நெடுங்கேணியூரான்

நான் ஓவியம் அறியாதவன். கமம் செய்கிறவன். காலபோகத்தில் கதிர் முற்றும் வேளையில் பரணில் கிடந்து பன்றி கலைத்தவன் என்ற முறையில், ஓவியருக்குச் சில விடயங்களைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

தங்கச்சி எழுதிய ஐரோப்பியப் படங்களைத் தேடிப் பார்த்தேன். அவற்றில் உள்ளவை வளர்ப்புப் பன்றிகள். வெள்ளைத் தோல், தோலுக்குக் கீழே இரண்டு விரல் கொழுப்பு. சுட்டால் பொன்னிறமாகப் பொங்கும். காட்டுப்பன்றி அப்படியல்ல. முதலில் காய்ந்த ஓலையைக் கொளுத்தி மயிரைப் பொசுக்குவார்கள். பொசுக்கிய பிறகு கத்தியால் வழித்தால், கரிக்குக் கீழிருந்து வைக்கோல் மஞ்சளாகத் தோல் தெரியும். அங்கங்கே கருந்திட்டுகள் கிடக்கும். தசை மாட்டிறைச்சியைப் போல இருண்ட சிவப்பு. பாலைப்பழம் உதிரும் காலத்திலும் நெல் விளையும் காலத்திலும் மட்டுமே அதில் நல்ல கொழுப்பு இருக்கும். மற்றக் காலங்களில் வற்றியிருக்கும். சேக்கிழார் கொழுந்தசை என்று பாடியிருப்பதால், உங்கள் படத்திற் பழக்காலத்தைக் காட்டினால் பொருத்தமாக இருக்கும்.

அடுத்தது நெருப்பு. கொழுந்துவிட்டு எரியும் நெருப்பை வரைந்துவிடாதீர்கள். சுவாலையிற் பிடித்தால் மேற்புறம் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். வீரை அல்லது பாலை விறகு எரிந்து தணல் விழுந்த பின்னர்தான் இறைச்சியைப் பிடிக்க வேண்டும். கொழுப்பு உருகித் தணலிற் சொட்டும்போது, சொட்டிய இடத்தில் மட்டும் சிறு சுவாலை எழுந்து அடங்கும். அந்த வேளையில் கோலைத் திருப்ப வேண்டும். கோல் பச்சைத் தடியாக இருந்தால்தான் எரியாது. பதம் வந்த துண்டின் ஓரம் சுருண்டு, வெட்டுவாய் கபில நிறமாகி, எண்ணெய் பூசியது போல மினுங்கும். பதம் வராத துண்டு மங்கலாக இருக்கும். திண்ணனார் ஒதுக்கிய துண்டுகளையும் தெரிந்தெடுத்த துண்டுகளையும் இந்த மினுக்கத்தாலேயே வேறுபடுத்திக் காட்டலாம்.

இன்னுமொன்று. அடுத்தடுத்த நாட்களில் அவர் இறைச்சியோடு தேனையும் கலந்து படைத்ததாகப் புராணத்தில் வருகிறது. இறைச்சியைத் தேனில் இட்டு வைக்கும் வழக்கத்தை எங்கள் பக்கத்துப் பழைய வேட்டைக்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன். ஆகவே அது வெறும் கற்பனையன்று; காட்டு வாழ்க்கையை அறிந்தவர்களிடம் கேட்டு எழுதிய செய்தியாகவே எனக்குத் தோன்றுகிறது.

புழுதியாறு

நெடுங்கேணி அண்ணையின் குறிப்பு, பாடநூல்களிற் கிடைக்காத ஒன்று. நன்றி.

மினுக்கத்தைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பன்றித் தொடை இறைச்சி எந்தக் கதையும் இல்லாமல் ஓவியத்தின் முழுப் பொருளாகியது. பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனே 1870களின் பிற்பகுதியில் வெள்ளித் தட்டில் ஒரு தொடை இறைச்சியையும் ஒரு கத்தியையும் மட்டும் வைத்துத் தீட்டினார். அந்தப் படம் பின்னர் ஓவியர் எட்கார் தெகாவின் சொந்தச் சேகரிப்பில் இருந்தது. இப்போது கிளாஸ்கோவில் இருக்கிறது. 1889இல் கொகானும் ஒரு தொடை இறைச்சியை வரைந்தார். அது வாஷிங்டனில் இருக்கிறது. இரண்டும் உப்பிட்ட இறைச்சிகள், தீயில் வாட்டியவை அல்ல. ஆனாலும் கொழுப்பின் வெண்மையும் தசையின் சிவப்பும் சந்திக்கும் கோட்டை எப்படிக் கையாள்வது என்பதற்கு அவற்றைப் பார்ப்பது நல்லது.

சீனத்தவர் வேறு வழியிற் சென்றனர். தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் சிங் அரசமரபுக் காலத்துக் கல் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. உயரம் 5.73 சென்றிமீற்றர், அதாவது உள்ளங்கையில் அடங்கிவிடும். வரிவரியாகப் படிந்த ஜஸ்பர் என்னும் கல் வகை அது. அதன் இயற்கையான வரிகளையே தோலாகவும் கொழுப்பாகவும் தசையாகவும் கொண்டு, மேற்பரப்பில் மயிர்க்கால் போன்ற நுண்துளைகளை இட்டு, நிறமேற்றி, சோயாச் சாற்றில் அவித்த பன்றித் துண்டாகவே ஆக்கிவிட்டான் அந்தச் சிற்பி. கல்லென்று தெரிந்தும் வாயூறுகிறது. வயிற்றாசையைப் பழிக்கும் நோக்கமோ பலியின் நினைவோ அதில் இல்லை. உணவின் அழகு மட்டுமே இருக்கிறது.

முள்ளியவளை ஐயாவின் கருத்துக்கு எனது பதில் இதுதான். ஐரோப்பாவில் சுட்ட பன்றி பெரும்பாலும் பெருந்தீனியின் அடையாளம். தைப்பேக் கல்லிலே அது சுவையின் அடையாளம். திண்ணனாரிடம் மட்டும் அது உண்ணாதவனின் கையில் இருக்கிறது. வேட்டையாடிக் களைத்தவர், பசித்தவர், ஒவ்வொரு துண்டையும் வாயிலிட்டுச் சுவை பார்த்தும் ஒன்றையும் விழுங்கவில்லை. அதனைப் பார்த்து வேட்டைத் துணைவர்களான நாணனும் காடனும் இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று எண்ணினார்கள். தின்னாமல் சுவைக்கின்ற ஒருவனைக் காட்டும் சுட்ட பன்றிப் படத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கண்ணைக் கொடுத்தது ஒரு கணத்து வேகம் என்று எவராவது சொல்லக்கூடும். இறைச்சியைப் பதம் பார்த்தது அவ்வாறானதன்று. அது நாள்தோறும் பொறுமையோடு செய்த வேலை. இதனை வரையாமல் விட்டால் கண்ணப்பரின் பாதியை விட்டதாகும் என்பது எனது எண்ணம்.

முத்தையன்கட்டார்

பிள்ளை சொன்னதோடு உடன்படுகிறேன். ஆயினும் முள்ளியவளையார் சுட்டியதையும் விட்டுவிடக்கூடாது. சிவகோசரியாரின் அருவருப்பு படத்தில் இல்லையென்றால், திண்ணனார் செய்ததன் துணிவும் தெரியாமற் போய்விடும். பார்க்கிறவர்களில் ஒரு சாரார் முகத்தைச் சுளிப்பார்கள் என்றால், அவர்கள் சிவகோசரியாரின் இடத்தில் நிற்கிறார்கள் என்று பொருள். இறைவன் அவருக்கும் கனவில் வந்துதானே விளக்கினான்.

கனகராயன்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கரிக்கோலால் ஒரு வரைவு செய்தேன். அதன் அமைப்பைச் சொற்களில் சொல்லிவிடுகிறேன்.

இடப்பக்கத்தில் ஆறு. கரையிலே தணல், சுவாலை ஒரேயொரு இடத்தில் மட்டும் எழும். முழுப் பன்றியை வரையப் போவதில்லை. அதன் தலையும் கொம்பும் காடனுக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும். திண்ணனார் குந்தியிருந்து, இடக்கையில் பச்சைக் கோலைத் தணலின்மேற் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஒரு துண்டை வாயிலிருந்து எடுத்துக் கல்லையில் இடுகிறார். அவருடைய கன்னம் ஒடுங்கியிருக்க வேண்டும், பசி தெரிய வேண்டும். நாணனும் காடனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். வலப்பக்கத்து மேல் மூலையில் மலையும் அதன்மேல் இலிங்கமாகிய குடுமித்தேவரும் சிறிதாகத் தெரிவர். தரையிலே பாலைப்பழங்கள் உதிர்ந்து கிடக்கும்.

வண்ணத்தைப் பொறுத்தவரையில், பதம் வந்த துண்டுகளுக்குக் காவிக் கபிலத்தின்மேல் மெல்லிய அரக்குப் பூச்சு இட்டு, வெட்டுவாயில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தொட எண்ணியிருக்கிறேன். ஒதுக்கிய துண்டுகள் மெருகில்லாமலே கிடக்கட்டும். கல்லையைக் காய்ந்த தேக்கிலையாக வரைகிறேன். கண்ணை அகழும் காட்சியைப் பக்கத்துத் தூணின் ஒடுக்கமான இடத்திற்கு மாற்றலாம் என்று சபைச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.

முள்ளியவளையான்

முழுப் பன்றியைப் போடவில்லை என்பது ஆறுதல். எனது மறுப்பு முற்றாக நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. மூலஸ்தானத்துக்கு நேர் எதிர்ச் சுவரில் இந்தக் காட்சி வரக்கூடாது; பக்கச் சுவரில் வரட்டும். அத்துடன் சிவகோசரியாரையும் எங்காவது வரையுங்கள்.

கனகராயன்

பக்கச் சுவர்தான் ஐயா, தெற்குப் புறம். சிவகோசரியாருக்கு மலைப் படிகளில் ஓர் இடம் இருக்கிறது. கையில் தண்ணீர்க் குடத்தோடும் விளக்குமாற்றோடும் ஏறிக்கொண்டிருப்பவராக வரையலாம். ஆனால் அவர் வந்தது மறுநாட் காலையில்; ஆற்றங்கரையில் இறைச்சி வேகும் பொழுதையும் அவர் படியேறும் பொழுதையும் ஒரே சுவரில் எப்படிப் பிரிப்பது என்பதே இப்போது எனக்கிருக்கும் சிக்கல்.

புழுதியாறு

நடுவில் ஒரு மரத்தை நிறுத்துங்கள் அண்ணை. அதற்கு இடப்புறம் மாலை மஞ்சள், வலப்புறம் விடியற்காலை நீலம். தாராசுரத்துச் சிற்பியும் வேறுவேறு பொழுதுகளைக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கதை சொன்னார். உங்களுக்கு அந்தக் கட்டத்தின் கோட்டைப் பாலை மரமே போட்டுத் தரும்.